ஏழு கிராமும் ஆறாயிரம் அடியும்

குருதிப் புற்றுநோய் எனப்படும் லியுகேமியா, குருதிக் கலங்கள் பிறக்கும் இடமான என்பு மச்சையில் தோன்றும் நோயாகும். முதிராத வெண்குழியங்கள் அங்கே கட்டுக்கடங்காமற் பெருகி இடத்தை அடைத்துக்கொள்வதால் செங்குழியங்களும் குருதிச் சிறுதட்டுக்களும் உருவாக வழியற்றுப் போகின்றது. நோயை அழிக்கவெனக் கொடுக்கப்படும் கீமோதெரபி மருந்துகளும் எஞ்சியுள்ள நல்ல கலங்களைச் சில வாரங்களுக்கு முடக்கிவிடுகின்றன. ஆகவே தீவிரமான லியுகேமியாவுக்குச் சிகிச்சை பெறும் ஏறக்குறைய எல்லா நோயாளருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் செங்குழியங்களை வெளியிலிருந்து ஏற்ற வேண்டி வரும். ஏற்ற வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எப்போது ஏற்ற வேண்டும் என்பதுதான் எண்பது ஆண்டுகளாக மருத்துவர்களை விவாதிக்க வைத்திருக்கும் கேள்வி.

இக்கேள்விக்கு இன்று உலகெங்கும் பெரும்பாலும் ஓர் எண்ணே விடையாகச் சொல்லப்படுகின்றது. ஒரு டெசிலீற்றர், அதாவது 100 மில்லிலீற்றர் குருதியில் உள்ள ஈமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கினால் ஏற்றுக. அதற்கு மேலே நின்றால் பொறுத்திரு. கொழும்பு, கண்டி, பால்ட்டிமோர், ஒட்டாவா என்று எந்த ஊர் விடுதியிலும் இந்த எண் ஒன்றேதான். நுவரெலியாவிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கும் மேலே தேயிலை மலைகளுக்கிடையில் அமைந்துள்ள கந்தப்பளைக்குத் திரும்பிப் போகவிருக்கும் ஒருவருக்கும் அதே எண் பொருந்துமா என்பதை ஆராய்வதற்கு முன், அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

ஈமோகுளோபின் என்பது செங்குழியத்தினுள் ஒட்சிசனைப் பிடித்துச் செல்லும், இரும்பைக் கொண்ட புரதமாகும். ஒரு கிராம் ஈமோகுளோபின் முழுமையாக நிரம்பும்போது ஏறத்தாழ 1.34 மில்லிலீற்றர் ஒட்சிசனைச் சுமக்கும். ஈமோகுளோபின் 14 கிராமாக உள்ள, நிமிடத்துக்கு 5 லீற்றர் குருதியை இதயம் வெளியேற்றும் ஒரு வளர்ந்தவரின் உடலில் நிமிடமொன்றுக்கு 900 மில்லிலீற்றருக்கும் அதிகமான ஒட்சிசன் சுற்றுகின்றது. ஓய்விலிருக்கும் உடல் இதில் எடுத்துக்கொள்வதோ 250 மில்லிலீற்றர் அளவுதான். எனவே ஈமோகுளோபின் பாதியாகி 7 கிராமுக்கு இறங்கினாலும் சுற்றிவரும் ஒட்சிசன் தேவையைவிடக் கூடுதலாகவே இருக்கும். இதயம் வேகமாகத் துடித்துக் குருதியோட்டத்தைக் கூட்டுகின்றது. இழையங்கள் தம்மிடம் வரும் குருதியிலிருந்து வழமையைவிடப் பெரிய பங்கை உறிஞ்சிக்கொள்கின்றன. சில நாட்களில் செங்குழியத்தினுள்ளேயே ஏற்படும் ஒரு வேதியியல் மாற்றம் ஈமோகுளோபினை ஒட்சிசனை இலகுவாக விட்டுக்கொடுக்கச் செய்கின்றது. உடலின் இந்தச் சேமிப்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதே குருதியேற்ற விஞ்ஞானத்தின் மையக் கேள்வியாகும். படுக்கையில் இருப்பவருக்குத் தாங்குவது படியேறுபவருக்குத் தாங்காது என்பதையும் இந்தக் கணக்கிலேயே காணலாம். ஏனெனில் உழைக்கும் உடல் கேட்கும் ஒட்சிசன் ஓய்வின்போது கேட்பதைப்போலப் பல மடங்கு.

நீண்ட காலம் மருத்துவ உலகை ஆண்டது ஏழு அன்று, பத்து. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மயக்க மருந்து நிபுணர்களான அடம்ஸ், லண்டி ஆகிய இருவரும் 1942ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றில், சத்திரசிகிச்சைக்கு முன் நோயாளியின் ஈமோகுளோபின் 8 முதல் 10 கிராம் வரை இருத்தல் நன்று என்று தமது அனுபவத்தைக் கொண்டு பரிந்துரைத்தனர். அதற்குப் பின்னால் பரிசோதனை எதுவும் இருக்கவில்லை. ஆயினும் அப்பரிந்துரையின் மேல் எல்லை மட்டும் தனியே பிரிந்து ஒரு விதியாக இறுகி, சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து மற்ற விடுதிகளுக்கும் பரவி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எவராலும் கேள்வி கேட்கப்படாமல் நின்றது. மருத்துவத்தில் இப்படி வாழ்ந்த எண்கள் இன்னும் பல உண்டு. 1980களில் எய்ட்ஸ் கிருமி குருதியின் வழியே பரவுவது தெரியவந்தபோதுதான், ஒவ்வொரு பைக்கும் ஒரு விலை உண்டு என்பதை மருத்துவர்கள் கணக்கில் எடுக்கத் தொடங்கினர்.

உடலின் தாங்குதிறனை நேரடியாக அளந்த ஆய்வொன்றைக் கலிபோர்னியாவைச் சேர்ந்த வைஸ்கொஃப் குழுவினர் 1998இல் வெளியிட்டனர். நல்ல உடல்நலமுள்ளவர்களின் குருதியைச் சிறிது சிறிதாக எடுத்து, அதற்கு ஈடாகத் திரவத்தை ஏற்றி, ஈமோகுளோபினை 5 கிராம் வரை இறக்கியபோதும் ஓய்விலிருந்த அவர்களது உடலுக்குப் போதிய ஒட்சிசன் கிடைத்துக்கொண்டே இருந்தது. 5க்கும் 6க்கும் இடையில் சிந்தனை வேகம் சற்றே மந்தமானதை அதே குழு பின்னர் கண்டறிந்தது. மத நம்பிக்கை காரணமாகக் குருதி ஏற்க மறுக்கும் யெகோவாவின் சாட்சிகளிடையே கார்சன் என்ற மருத்துவர் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. சத்திரசிகிச்சைக்குப் பின் ஈமோகுளோபின் 7.1 முதல் 8.0 வரை இறங்கியவர்களில் எவரும் இறக்கவில்லை, 4.1 முதல் 5.0 வரை இறங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இறந்தனர். ஆபத்து எங்கே தொடங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் கிடைப்பது அரிது, ஏனெனில் வேண்டுமென்றே குருதியை மறுத்து எவரையும் ஆய்வுக்கு உட்படுத்த முடியாது.

இந்த இரண்டுக்கும் நடுவே, 1999இல், கனடாவின் ஹெபேர் குழுவினர் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 838 நோயாளரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு 7 கிராமிலும் மற்றவருக்கு 10 கிராமிலும் குருதியேற்றிய ஆய்வின் முடிவை வெளியிட்டனர். முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் முதற்பிரிவில் 18.7 சதவீதம், இரண்டாவதில் 23.3 சதவீதம். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடிய அளவுடையதே என்றாலும், கூடுதலாக ஏற்றியதால் நன்மை எதுவும் விளையவில்லை என்பது உறுதியானது. ஏழு என்ற எண் பத்தின் இடத்தைப் பிடித்தது இவ்வாறே.

ஆனால் லியுகேமியா நோயாளி மற்ற நோயாளரைப் போன்றவர் அல்லர். தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ளவரின் என்பு மச்சை பெரும்பாலும் வேலை செய்துகொண்டிருக்கும். லியுகேமியா நோயாளிக்கோ அது வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும். அவருக்குச் சிறுதட்டுக்களும் குறைவு. குருதிக் குழாயின் நடுவே ஓடும் செங்குழியங்களே சிறுதட்டுக்களைக் குழாய்ச் சுவரின் பக்கம் தள்ளுகின்றன என்பதாலும், சுவரருகே இருந்தால்தான் அவை கசிவை அடைக்க முடியும் என்பதாலும், செங்குழியம் குறைந்தால் குருதிப்பெருக்கு அதிகரிக்கலாம் என்ற அச்சம் நெடுங்காலமாக இருந்துவந்தது. இந்த அச்சத்தாலேயே பல நாடுகளில் லியுகேமியா விடுதிகள் 8 அல்லது 9 கிராமை விட்டு இறங்கத் தயங்கின.

அதைச் சோதிப்பதற்காக பால்ட்டிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் தீவிர லியுகேமியா நோயாளர் 90 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு 7 கிராமையும் 8 கிராமையும் ஒப்பிட்டது. 7 கிராம் வரை காத்திருந்தவர்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 8 பைகளும் மற்றவர்களுக்கு 12 பைகளும் செலவாகின. குருதிப்பெருக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. என்பு மச்சை மாற்றுச் சிகிச்சை பெற்ற 300 பேரிடம் கனடாவில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வு 7 கிராமையும் 9 கிராமையும் ஒப்பிட்டு, நூறாவது நாளில் இரு பிரிவினரின் வாழ்க்கைத் தரமும் ஒத்ததாகவே இருந்ததைக் காட்டியது. கூடுதலாக ஏற்றுவது தீங்காகவும் முடியலாம் என்பதற்கு மொன்றியலில் சிறுவரிடம் தொடங்கி உடனேயே நிறுத்தப்பட்ட ஆய்வு சான்றாகும்: ஈமோகுளோபினை 12 கிராமில் வைத்திருக்கும் பிரிவில் சேர்க்கப்பட்ட மூன்று பிள்ளைகளுக்கும் ஈரலின் நுண்ணாளங்கள் அடைபடும் கடும் நோய் ஏற்பட்டது, 7 கிராமில் வைக்கப்பட்ட மூவருக்கும் அது வரவில்லை. அறுவரை வைத்துப் பெரிய முடிவு எதற்கும் வர முடியாதுதான், ஆனாலும் அந்த ஆய்வைத் தொடர எவருக்கும் துணிவிருக்கவில்லை. அமெரிக்கக் குருதி வங்கிகளின் அமைப்பு 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, குருதி நோயும் புற்றுநோயும் உள்ள வளர்ந்தோருக்கு 7 கிராமைப் பரிந்துரைத்தது. ஆனால் அதற்கான சான்றின் உறுதி குறைவு என்பதையும் அதே வழிகாட்டி ஒளிக்காமல் பதிவு செய்தது. விடுதிகளில் அந்த எண்ணை மனப்பாடமாகச் சொல்பவர்கள் இரண்டாவது வாக்கியத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

விதிக்கு விலக்குகள் உண்டு. இதயக் குழாய் அடைப்புள்ளவருக்கு 7 வரை காத்திருப்பது ஆபத்தாகலாம். மாரடைப்பு ஏற்பட்ட 3,504 பேரைக் கொண்டு 2023இல் வெளியான ஆய்வில், 10 கிராமுக்கு மேல் வைக்கப்பட்டவர்கள் சற்று நன்றாக இருந்ததற்கான அறிகுறி தெரிந்தது. இதற்கு நேர்மாறான விலக்கு லியுகேமியாவுக்கே உரியது. நோய் கண்டறியப்படும்போது ஒருவரின் வெண்குழிய எண்ணிக்கை ஒரு மைக்ரோலீற்றருக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தால் அவரது குருதி ஏற்கெனவே தடிப்பாகி, மூளையிலும் நுரையீரலிலும் உள்ள நுண்குழாய்களில் தேங்கத் தொடங்கியிருக்கும். அந்த வேளையில் ஈமோகுளோபின் 6 கிராமாக உள்ளதே என்று செங்குழியங்களை அவசரமாக ஏற்றினால் குருதி மேலும் தடித்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அங்கே முதலில் செய்ய வேண்டியது வெண்குழியங்களைக் குறைப்பதாகும். இலங்கையில் குருநாகல், அனுராதபுரம் பகுதிகளில் அதிகமாகக் காணப்படும் தலசீமியா நோயில் பிள்ளைகளின் ஈமோகுளோபின் ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் இடையில் பேணப்படுவதைக் கண்ட பெற்றோர், லியுகேமியாவில் மட்டும் ஏன் 7 வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்பது இயல்பு. தலசீமியாவில் குருதியேற்றுவதன் நோக்கம் ஒட்சிசன் கொடுப்பது மட்டுமன்று. பயனற்ற செங்குழியங்களை ஓயாது உற்பத்தி செய்து எலும்பையே உருக்குலைக்கும் மச்சையை அடக்கி வைப்பதும் அதன் நோக்கமாகும். லியுகேமியாவில் அந்தத் தேவை இல்லை.

இனி கந்தப்பளைக்கு வருவோம். 1,900 மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மூச்சில் உள்ளிழுக்கப்படும் ஒட்சிசனின் அழுத்தமும் அதே அளவு குறையும். இதைக் கேட்டவுடன், குருதி குறைந்தவருக்கு இது பெரும் ஆபத்து என்று தோன்றும். ஆனால் ஈமோகுளோபினின் இயல்பு இங்கே துணைக்கு வருகின்றது. ஒட்சிசன் அழுத்தம் ஓரளவு இறங்கும்வரை அது தன் சுமையை விடுவதில்லை. ஆகவே நலமான நுரையீரல் உள்ளவரின் ஒட்சிசன் நிரம்பல் வீதம் கொழும்பில் 97 அல்லது 98 ஆக இருந்தால் கந்தப்பளையில் 94 அல்லது 95க்கு இறங்கும், அவ்வளவுதான். ஈமோகுளோபின் 14இலிருந்து 7க்கு இறங்கும்போது குருதி சுமக்கும் ஒட்சிசன் பாதியாகின்றது. மலையேறும்போது அது நூற்றுக்கு மூன்று பங்களவே குறைகின்றது.

உயரத்தில் வாழ்பவரின் உடல் இந்தச் சிறு இழப்பையும் கூடுதல் செங்குழியங்களை உருவாக்கி ஈடுசெய்கின்றது. இதனாலேயே உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 1,500 முதல் 1,999 மீற்றர் வரை உயரத்தில் வாழ்வோருக்குக் குருதிச்சோகையின் எல்லை 1.1 கிராம் உயர்த்தப்பட வேண்டும் எனக் குறிப்பிடப்பட்டது. கடற்கரையில் 12 கிராமுக்குக் குறைந்த பெண்ணுக்குக் குருதிச்சோகை என்றால், கந்தப்பளையில் 13.1க்குக் குறைந்தாலே அப்படிச் சொல்ல வேண்டும். மூடிக்கிடக்கும் மச்சையுள்ள லியுகேமியா நோயாளியால் இந்த ஈட்டைச் செய்ய இயலாது. அதற்காகக் குருதியேற்றும் எல்லையையும் 7இலிருந்து 8.1க்கு நேராக உயர்த்திவிடலாம் என்று கணக்குப் போடுவது தவறாகும். முன்னது மக்கள்தொகையில் குருதிச்சோகையை அடையாளம் காண்பதற்கான எல்லை, பின்னது உடலின் சேமிப்பு எங்கே தீர்கின்றது என்பதற்கான எல்லை. காய்ச்சலும் நியூமோனியாவும் சேர்ந்தால் நிலைமை வேறு. நுரையீரல் பழுதடைந்து நிரம்பல் வீதம் 90க்குக் கீழே வந்துவிட்டால், ஈமோகுளோபின் சுமையை வேகமாக விடத் தொடங்கும் சரிவில் நோயாளி நிற்கிறார். கடற்கரையில் இருப்பவரைவிட மலையில் இருப்பவர் அந்தச் சரிவுக்கு எப்போதும் ஓரடி அருகிலேயே இருக்கிறார். வெண்குழியமற்ற லியுகேமியா நோயாளிக்கு நியூமோனியா அரிதான விபத்தும் அன்று.

ஆயினும் கந்தப்பளை நோயாளியின் விடயத்தில் காற்றைவிடப் பெரிய காரணி பாதை. லியுகேமியாவுக்கான முழுமையான சிகிச்சைக்காக மலையகத்தவர் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ மகரகமவிலுள்ள அபேக்ஷா வைத்தியசாலைக்கோ செல்ல வேண்டியுள்ளது. நுவரெலியாவிலிருந்து கண்டி 75 கிலோமீற்றருக்கும் சற்று அதிகம்; மகரகம அதைப்போல இருமடங்குக்கும் மேல். ஒரு சுற்றுச் சிகிச்சை முடிந்து, பேச்சுவழக்கில் துண்டு வெட்டி அனுப்பப்படும் நாளில் நோயாளியின் ஈமோகுளோபின் 7.4 ஆக உள்ளதென்றால், விதியின்படி அவருக்குக் குருதி தேவையில்லை. செங்குழியத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். புதியவை எதுவும் பிறக்காதபோது நாளுக்கு நாள் பழையவை மடிந்துகொண்டே வரும். காய்ச்சலும் மூக்கு, முரசு வழியான கசிவும் சேரும்போது ஒரு வாரத்தில் அரைக் கிராம் முதல் ஒரு கிராம் வரை இறங்கலாம். அடுத்த கிளினிக் பத்து நாட்களுக்குப் பின் என்றால், அந்த நோயாளி ஏழாவது நாளில் 7க்குக் கீழே, தோட்டத்து லயத்தில், மழை காலமாயின் மண்சரிவு எந்த வேளையிலும் மூடிவிடக்கூடிய பாதையின் மறு முனையில் இருப்பார். மருத்துவமனைக்கு எதிரே குடியிருப்பவரின் 7.4 வேறு, இவருடைய 7.4 வேறு.

தோட்டப்புற வாழ்க்கையின் உடலுழைப்பும் இதனுடன் சேர்கின்றது. லயத்திலிருந்து பிரதான பாதைக்கு வரவே பலர் செங்குத்தான படிகளிலும் ஒற்றையடிப் பாதைகளிலும் ஏறி இறங்க வேண்டும். தண்ணீரும் விறகும் சுமப்பது வழக்கமான இடங்களும் உண்டு. விடுதிக் கட்டிலில் எந்தக் குறையும் சொல்லாத பெண், வீடு திரும்பிய மறுநாள் பாதி வழியில் மூச்சுவாங்கி அமர்வதற்கு நோய் முற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. மைலோடிஸ்பிளாசியா எனப்படும், லியுகேமியாவுக்கு முன்னோடியாகக் கருதப்படும் நீடித்த மச்சை நோயுள்ளோரிடம் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் நடத்தப்பட்டு 2020இல் வெளியான சிறிய ஆய்வில், ஈமோகுளோபின் 11 முதல் 12.5 வரை பேணப்பட்டவர்கள், பத்துக்கு மேற்படாமல் வைக்கப்பட்டவர்களைவிடத் தமது அன்றாட வாழ்க்கை மேம்பட்டதாகத் தெரிவித்தனர். வெளிநோயாளராக நடமாடுபவருக்கு ஏழு என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது சரியல்ல என்பதற்கு இது போதிய குறிப்பு.

இதன் பொருள் தாராளமாக ஏற்றலாம் என்பதன்று. ஒரு பை செங்குழியம் 70 கிலோ எடையுள்ளவரின் ஈமோகுளோபினை ஒரு கிராம் அளவுக்கு உயர்த்தும். கொழுந்து பறித்தே இளைத்த 40 கிலோ பெண்ணின் உடலில் அதே பை ஒன்றரைக் கிராமுக்கும் மேல் உயர்த்துவதோடு, விரைவாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறலையும் உண்டாக்கலாம். வழக்கத்தின் பேரில் இரண்டு பைகளாக ஏற்றுவதை விட்டு ஒவ்வொரு பையாக ஏற்றியபோது தேவைப்பட்ட குருதி காற்பங்கு குறைந்ததாகச் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில் நடந்து 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒவ்வொரு பையும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பையும் உடலில் சேர்க்கின்றது. அதை வெளியேற்ற உடலில் வழி இல்லை. தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுப்பதாலும் உணவில் இரும்பு போதாமையாலும் தோட்டப்புறப் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவு பரவலாக உள்ளது உண்மையே. ஆனால் பல முறை குருதி ஏற்றப்பட்ட லியுகேமியா நோயாளிக்குத் தோட்ட வைத்திய நிலையத்தில் கிடைக்கும் இரும்புக் குளிசையைத் தாமாகவே வாங்கிக் கொடுப்பது பயனற்றது, சில வேளை தீங்கானது.

குருதி எங்கிருந்து வருகின்றது என்பதும் இந்தத் தீர்மானத்தின் ஒரு பகுதியே. இலங்கையின் தேசிய குருதி மாற்றுச் சேவை 2014ஆம் ஆண்டு முதல் முழுவதும் தன்னார்வக் கொடையாளரிடமிருந்தே குருதியைப் பெறுகின்றது. நோயாளியின் உறவினர் ஈடாகக் குருதி கொடுக்க வேண்டும் என்ற நிலை இல்லை. ஆனாலும் நோய் என்றவுடன் அண்ணன், தம்பி, மாமன் மகன் என்று குடும்பமே திரண்டு கை நீட்டுவது தமிழரின் இயல்பு. லியுகேமியாவில் இந்தப் பாசம் ஆபத்தானது. ஏற்றப்படும் குருதியில் கொடையாளியின் நிணநீர்க் குழியங்கள் சில எப்போதும் கலந்திருக்கும். நோயாளியின் நோயெதிர்ப்பு அவற்றை அந்நியரென அடையாளம் கண்டு அழித்துவிடும். ஆனால் நெருங்கிய இரத்த உறவினரின் கலங்கள் நோயாளியின் கலங்களை ஒத்த அடையாளங்களைக் கொண்டிருப்பதால், பலவீனமான நோயெதிர்ப்பு அவற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட, அவை வேரூன்றி நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் மச்சையையும் தாக்கத் தொடங்கும். இந்நோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் பிழைப்பதில்லை. தலைமுறைகளாக மாமன் மகளையும் அத்தை மகனையும் மணமுடித்து வந்த குடும்பங்களில் அடையாளங்கள் பகிரப்படும் வாய்ப்பு இன்னும் அதிகம். குறைந்தது 25 கிரே அளவு கதிர்வீச்சைக் குருதிப் பையில் பாய்ச்சினால் அந்த நிணநீர்க் குழியங்கள் பெருகும் ஆற்றலை இழந்துவிடும். உறவினர் குருதி தவிர்க்க முடியாதபோதும், மச்சை மாற்றுச் சிகிச்சைக்குச் செல்பவருக்கும், ஃபுளுடரபீன் போன்ற மருந்து பெற்றவருக்கும் அப்படிக் கதிர்வீச்சுப் பாய்ச்சிய குருதியே ஏற்றப்பட வேண்டும். அதற்கான கருவி எல்லாக் குருதி வங்கிகளிலும் இருப்பதில்லை என்பதால், இது தேவைப்படும் நோயாளிக்கு நுவரெலியாவில் அவசரமாக ஏற்றுவதைவிடக் கண்டியில் முன்கூட்டியே ஏற்றிவிடுவது நன்று.

ஆகவே விடுதியில் இருக்கும்வரை 7 கிராம், ஒவ்வொரு பையாக என்ற விதி கந்தப்பளையைச் சேர்ந்தவருக்கும் பொருந்தும். உயரத்தைக் காரணம் காட்டி அதை மாற்ற வேண்டியதில்லை. வீடு திரும்பும் நாளில் அவருக்கு 8 கிராமை எல்லையாகக் கொள்வது வழிகாட்டியை மீறுவதாகாது, ஏனெனில் வயது, இதயநோய், அறிகுறி, அடுத்த வருகைவரை உள்ள நாட்கள் ஆகியவற்றைக் கருதித் தீர்மானிக்கும் பொறுப்பை எல்லா வழிகாட்டிகளும் மருத்துவரிடமே விட்டிருக்கின்றன. மருத்துவர் அப்படித் தீர்மானிப்பதற்கு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியவை கிளினிக் கொப்பியில் எழுதப்படுவதில்லை. எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, பாதைக்கு வர எத்தனை படிகள், பஸ் எத்தனை மணிக்கு, மழையில் பாதை மூடப்படுமா, படியேறும்போது நெஞ்சு வலிக்கிறதா என்பவற்றை நோயாளியும் வீட்டாரும் துண்டு வெட்டுவதற்கு முன்பே, கேட்கப்படாவிட்டாலும், சொல்லிவிட வேண்டும்.